கிணற்றையும் வாய்க்காலையும் சேர்த்து எழுதுங்கள் உயில்!

காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் பல விவசாயக் குடும்பங்களில் நிலத்தைப் பற்றிய முதல் பேச்சு எழுகிறது. அதுவரை 'அப்பா பார்த்துக்கொள்வார்' என்று இருந்தவர்கள், அப்பா மனதில் என்ன நினைத்திருந்தார் என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஒவ்வொரு சமயத்தில் ஒவ்வொன்றைச் சொல்லியிருப்பார். காகிதத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம், பெரியவர் தன் உழைப்பில் வாங்கியது. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பெரியவரின் தாயாரும் உயிரோடு இருக்கிறார். மூத்த மகன்தான் நிலத்தைப் பார்க்கிறார். இளையவருக்கு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மகள் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டிருக்கிறார். எதையும் எழுதி வைக்காமல் பெரியவர் திடீரென்று போய்விடுகிறார்.

மகன்களுக்கு ஆளுக்குப் பாதி என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி மனைவி, இரு மகன்கள், மகள், பெரியவரின் தாயார் ஆகிய ஐந்து பேருக்கும் சம பங்கு. ஆளுக்கு ஒரு ஏக்கர். தாயாருக்குப் பங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டியும் எழுதி வைக்காமல் காலமானால், அவருடைய ஒரு ஏக்கர் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது அத்தைமார்களுக்கும் சித்தப்பாமார்களுக்கும் சேர்த்துப் பிரியும். ஐந்து பேர் போடவேண்டிய கையெழுத்து பத்துப் பேர் போடவேண்டியதாகிவிடும்.

இதற்கிடையில் உழவு நிற்பதில்லை. பட்டா இறந்தவர் பெயரில் இருக்கும்வரை மூத்த மகன் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால், சிட்டா யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி வரும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் அதே கேள்விதான். கூட்டுப் பட்டாவாக மாற்றிவிட்டாலும் மற்றவர்களின் சம்மதக் கடிதம் கேட்பது வழக்கம். ஐந்து ஏக்கரை அளந்து பிரித்துவிடலாம். ஒரே கிணற்றையும் ஒரே மின் இணைப்பையும் எப்படிப் பிரிப்பது? அண்ணன் தம்பி வழக்குகளில் பாதி வரப்பில் தொடங்குவதில்லை. மோட்டார் கொட்டகையில்தான் தொடங்குகிறது.

இவ்வளவையும் தவிர்க்க இரண்டு பக்கக் காகிதம் போதும். அது எந்தக் காகிதம், எப்படி எழுதுவது என்பதைப் பார்ப்போம்.

முதலில், நிலம் யாருடையது?

உயில் எழுத உட்காரும் முன் தெளிவாக வேண்டிய விஷயம் இது. ஒருவர் தனக்குச் சொந்தமானதை மட்டுமே எழுதி வைக்க முடியும். தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலத்தை, அதாவது சுயார்ஜித சொத்தை, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை மட்டுமே எழுதலாம். பிள்ளைகளின் பங்கைச் சேர்த்து எழுதினால், அந்த அளவுக்கு உயில் செல்லாது.

பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கைப் பற்றி இன்னும் பல ஊர்களில் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அந்தத் தேதிக்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு மகன்களுக்கு இணையான பங்கைக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம், திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலமாகவோ நீதிமன்ற ஆணையின் மூலமாகவோ நடந்து முடிந்த பாகப்பிரிவினையை இது பாதிக்காது. 'நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோம்' என்பது சட்டத்தில் பங்குக்கு ஈடாகாது. மகள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும்.

தாத்தா நிலம் என்பதாலேயே அது பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. தாத்தா தன் உழைப்பில் வாங்கி, 1956-க்குப் பிறகு அவர் இறந்து வாரிசாக அப்பாவுக்கு வந்த நிலம், பொதுவாக அப்பாவின் தனிச் சொத்தாகவே கருதப்படும். எந்த நிலம் எந்த வகை என்பதைத் தாய்ப்பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே ஒரு நாள் ஒதுக்கி இவற்றை ஒரு பையில் சேருங்கள்: தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், 'அ' பதிவேட்டு நகல், புலப்பட நகல், வில்லங்கச் சான்று, மின் இணைப்பு அட்டை, கடன் கணக்குப் புத்தகங்கள். பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் பொருந்துகிறதா, உட்பிரிவு எண் சரியா, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பிழைதிருத்தத்துக்கு நிலத்தின் உரிமையாளரே அலைந்தால் சில மாதங்களில் முடியும். அவர் போன பிறகு பிள்ளைகள் அலைந்தால் வருடங்கள் ஆகும்.

அரசு ஒப்படை செய்த நிபந்தனை நிலம், பஞ்சமி நிலம் போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றை எழுதும் முன் ஒப்படை ஆணையில் உள்ள நிபந்தனைகளை வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்பது அவசியம்.

உயில்: கையை விட்டுப் போகாது

உயில் எழுதினால் நிலம் கைமாறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. உயில் எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை நிலத்தை அவர் உழலாம், விற்கலாம், அடகு வைக்கலாம், உயிலையே மாற்றி எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட உயில்கள் இருந்தால் கடைசியாக எழுதியதே செல்லும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில், தெரிந்த தமிழில், கையால் எழுதினாலும் செல்லும். சட்டம் கேட்பது சில விஷயங்களைத்தான். எழுதுபவர் 18 வயது நிறைந்தவராகவும் தெளிந்த மனநிலையில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அவர் கையெழுத்திட வேண்டும் அல்லது கைரேகை வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதை நேரில் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும்.

பின்னால் வழக்கு வந்தால் உயில் சாட்சியை வைத்துத்தான் நிற்கும். உயிலைப் பதிவு செய்திருந்தாலும்கூட, சாட்சி உயிரோடு இருக்கும்வரை ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து 'என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்' என்று சொல்ல வேண்டும். எனவே எழுதுபவரைவிட வயதில் இளையவர்களை, உள்ளூரிலேயே இருக்கக்கூடியவர்களைச் சாட்சியாக வையுங்கள். சொத்து பெறப்போகிறவரையோ அவருடைய கணவன், மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள். சொத்து பெறப்போகும் பிள்ளையே முன்னின்று ஆள் பிடித்து, வண்டி வைத்து, பத்திரம் எழுத வைப்பதும் பின்னால் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

வயதானவர்கள் அன்றைய தேதியில் மருத்துவரிடம் மனநிலைச் சான்று வாங்கி உயிலோடு வைப்பது நல்லது. ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுத்தாலோ கொடுக்காமல் விட்டாலோ, காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். 'இளைய மகன் படிப்புக்கும் வீட்டுமனைக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டபடியால்' என்ற ஒரு வரி, அப்பா மறந்துவிட்டார் என்ற பேச்சையும் அண்ணன் ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சையும் நிறுத்திவிடும்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். தொலைந்தாலும் நகல் கிடைக்கும், போலி என்று சொல்வதும் எளிதாக இருக்காது. படுத்த படுக்கையாக இருப்பவர் தக்க காரணம் காட்டி விண்ணப்பித்தால் பதிவு அலுவலரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள், உயிலை உறையில் வைத்து முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது.

தண்ணீர், பாதை, மரம், கடன்

கிராமத்து உயில்களில் 'மேற்கு இரண்டு ஏக்கர் மூத்தவனுக்கு, கிழக்கு இரண்டு ஏக்கர் இளையவனுக்கு' என்று இருக்கும். நிலத்தைப் பிரித்த அப்பா, நிலத்துக்கு உயிர் கொடுக்கும் தண்ணீரைப் பிரிக்க மறந்திருப்பார். உயிலில் கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நிலம்: ஊர், வட்டம், புல எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கெல்லை. ஒரே உட்பிரிவைப் பிரித்துக் கொடுப்பதாக இருந்தால் முன்பே சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, கை வரைபடம் ஒன்றை இணைத்துவிடுங்கள்.

கிணறு: யாருடைய பங்கு நிலத்தில் கிணறு அமைகிறது, மற்றவர்களுக்கு எத்தனை பங்கு பாத்தியம், முறை எப்படி, தூர்வாரவும் ஆழப்படுத்தவும் ஆகும் செலவு யாருடையது என்று எழுத வேண்டும். முறையை மணிக்கணக்கில் எழுதாமல் நாள் கணக்கில் எழுதுங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் மணிக்கணக்கு சண்டையில்தான் முடியும்.

மின் இணைப்பு: இணைப்பு எண்ணைக் குறிப்பிட்டு, அது யார் பெயருக்கு மாற வேண்டும், மற்றவர்களுக்கு அதில் என்ன உரிமை, மோட்டார் ரிப்பேர் செலவு எப்படிப் பிரியும் என்று எழுதுங்கள்.

பாதையும் வாய்க்காலும்: உள்பக்கத்து நிலத்துக்கு வண்டி, டிராக்டர் போக எத்தனை அடி அகலத்தில் பாதை, குழாய் எந்த வரப்பு வழியாகப் போகும் என்பதை எழுதுங்கள்.

மரமும் உருப்படிகளும்: வரப்பில் நிற்கும் தென்னை, பனை, தேக்கு யாருக்கு, மாடு, டிராக்டர், தெளிப்பான் யாருக்கு என்று சொல்லிவிடுங்கள்.

கடன்: நிலத்தின் மேல் கடன் இருந்தால் அதைக் கட்டும் பொறுப்பு யாருடையது என்று சொல்லுங்கள்.

நாம் பார்த்த அந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒரு பத்தி இருந்திருந்தால் போதும்:

"மேற்படி கிணறும் அதிலுள்ள மின் மோட்டாரும் என் மூன்று மக்களுக்கும் பொது. ஏக்கருக்கு ஒரு நாள் வீதம் ஐந்து நாள் முறை. முதல் இரண்டு நாள் மூத்த மகனுக்கும், அடுத்த இரண்டு நாள் இளைய மகனுக்கும், ஐந்தாம் நாள் மகளுக்கும் பாத்தியம். பழுது பார்க்கும் செலவை இதே விகிதத்தில் ஏற்க வேண்டும். ஒருவர் தன் முறையில் இறைக்கவில்லை என்றால் மற்றவர் இறைத்துக்கொள்ளலாம், அதனால் அவருக்கு நிரந்தர உரிமை ஏற்படாது. குடியிருக்கும் வீடு என் மனைவிக்கு. மகன்கள் இருவரும் அவருக்கு ஆண்டுக்கு ஆளுக்கு இத்தனை மூட்டை நெல்லும் மருத்துவச் செலவும் கொடுத்து வர வேண்டும்."

மனைவிக்கு 'ஆயுள் உள்ளவரை அனுபவித்து, பின் மகன்களுக்கு' என்று நிலத்தை எழுதுகிற வழக்கமும் இருக்கிறது. அதில் ஒரு சொல் மாறினாலும், அவருக்குக் கிடைத்தது முழு உரிமையா, ஆயுட்கால உரிமையா என்று பின்னால் வழக்கு வரும். இந்த ஷரத்தை மட்டுமாவது வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். உயிலின் கடைசியில் 'இதில் குறிப்பிடாத என் மற்ற சொத்துகள் இன்னாருக்கு' என்று ஒரு வரி சேருங்கள். உயிலை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரின் பெயரையும் எழுதுங்கள்.

வங்கிக் கணக்கில் ஒரு மகனை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவருக்கே என்று நினைக்க வேண்டாம். நாமினி பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர்தான். பணம் யாருக்கு என்பதையும் உயிலில் சொல்ல வேண்டும்.

செட்டில்மென்ட்: கொடுத்தால் கொடுத்ததுதான்

'இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் கேட்பது தானசெட்டில்மென்ட். இது கையெழுத்திட்டுப் பதிவான அன்றே உரிமையை மாற்றிவிடும். பிறகு மனம் மாறினால் உயிலைப் போல் கிழித்துப்போட முடியாது. குடும்ப நபர்களுக்கு இடையிலான செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் இவற்றின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகவும், 4,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. சட்டப்படி 'குடும்பம்' என்பதில் யார் யார் வருவார்கள், இன்றைய கட்டணம் எவ்வளவு என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகன் நிலத்தில் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடவோ பண்ணை அமைக்கவோ உண்மையிலேயே உரிமை தேவைப்பட்டால் செட்டில்மென்ட் பொருத்தமானது. ஆனால் எல்லா நிலத்தையும் ஒரே நாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். தனக்கும் தன் மனைவிக்கும் சோறு போடும் அளவு நிலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் நிலத்திலும் 'எங்கள் ஆயுள் உள்ளவரை அனுபவ உரிமை எங்களுக்கே' என்று எழுதலாம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு இங்கே முக்கியமானது. அடிப்படை வசதிகளும் தேவைகளும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்த ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்தை நாடலாம். தமிழ்நாட்டில் வருவாய் கோட்டாட்சியரே அந்தத் தீர்ப்பாயம். நிபந்தனை இருந்ததை நிரூபிப்பதில்தான் பல மனுக்கள் இடறுகின்றன. 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். சாப்பாடு, மருத்துவம், இருப்பிடம் தர வேண்டும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்யும் உரிமை எனக்கு உண்டு என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுக்கோ மகளுக்கோ விவசாய நிலத்தைச் செட்டில்மென்ட் செய்வதிலும் கவனம் வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகள் இடம் தருவதில்லை. வாரிசுரிமையாகப் பெறலாம். அவர்களுக்கு உயிலே சரியான வழி.

குடும்ப அறக்கட்டளை யாருக்குத் தேவை?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர் 'லிவிங் டிரஸ்ட் போட்டுவிடுங்கள் அப்பா' என்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஓர் அறக்கட்டளைக்கு மாற்றி, அதை அறங்காவலர்கள் நிர்வகித்து, பலனைக் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. இந்திய அறக்கட்டளைகள் சட்டம் 1882-ன்கீழ் நம் ஊரிலும் இதைச் செய்யலாம். நிலம் சம்பந்தப்பட்டதால் எழுத்து மூலம் செய்து பதிவு செய்தாக வேண்டும். எழுதுபவரே முதல் அறங்காவலராகவும் இருக்கலாம். பின்னால் திரும்பப் பெறும் வகையிலும், பெற முடியாத வகையிலும் இதை அமைக்கலாம்.

அமெரிக்காவில் இது பரவலாக இருப்பதற்கு முக்கியக் காரணம், உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் நடைமுறைக்கு அங்கே ஆகும் காலமும் செலவும். சென்னை நகர எல்லைக்கு வெளியே எழுதப்பட்டு, வெளியே உள்ள நிலத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு இங்கே அந்த நடைமுறை கட்டாயமில்லை. வாரிசுச் சொத்து மீதான எஸ்டேட் வரியும் இந்தியாவில் 1985-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆக, அங்கே சொல்லப்படும் பெரிய காரணங்கள் ஐந்து ஏக்கர் விவசாயிக்குப் பொருந்தாது.

அறக்கட்டளை போடுவதால் சில சங்கடங்களும் வரும். முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு, ஆண்டுதோறும் கணக்கு எழுதும் வேலை ஆகியவை சேரும். பட்டா அறக்கட்டளை பெயருக்குப் போனால் தனிநபர் விவசாயிக்கான சலுகைகளில் கேள்வி எழலாம். நிறுவன நில உரிமையாளர்களுக்கு பி.எம். கிசான் உதவித்தொகை கிடையாது என்பது அத்திட்டத்தின் விதி. நில உச்சவரம்பைத் தாண்டி நிலம் வைத்துக்கொள்ளும் வழியாகவும் இதைப் பயன்படுத்த முடியாது.

அப்படியானால் யாருக்குத்தான் தேவை? தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தேவை. மனவளர்ச்சி குன்றிய மகனுக்கு இரண்டு ஏக்கரை நேரடியாக எழுதி வைத்தால், அதை அவரால் உழவும் முடியாது, ஏமாற்றுகிறவர்களிடமிருந்து காக்கவும் முடியாது. அண்ணன் பெயரில் எழுதி 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்றால், அண்ணன் காலத்துக்குப் பிறகு யார் பொறுப்பு? இங்கே அறக்கட்டளை நல்ல வேலி. நிலம் அறக்கட்டளையில் இருக்கும், அறங்காவலர்கள் குத்தகைக்கு விட்டு வருமானத்தை அந்தப் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் செலவழிப்பார்கள். இரண்டு அல்லது மூன்று அறங்காவலர்களை வைத்து, ஒருவர் இறந்தால் அடுத்தவரை எப்படி நியமிப்பது, அந்தப் பிள்ளையின் காலத்துக்குப் பின் நிலம் யாருக்கு என்றும் எழுத வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு மூலம் சட்டப்படியான பாதுகாவலரையும் நியமித்துக்கொள்ளலாம்.

இன்றே நிலத்தை மாற்றாமலும் இதைச் செய்ய முடியும். உயிலிலேயே 'என் காலத்துக்குப் பின் இந்த இரண்டு ஏக்கரை இன்னார் இன்னார் அறங்காவலர்களாக இருந்து என் மகனின் நலனுக்காக நிர்வகிக்க வேண்டும்' என்று எழுதலாம். நிலம் கையிலேயே இருக்கும், பட்டா மாறாது, பிள்ளைக்கும் பாதுகாப்பு கிடைக்கும். சிறு வயதுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் இது ஏற்றது.

பெண்களும் எழுத வேண்டும்

உயில் ஆண்கள் எழுதுவது என்ற எண்ணம் மாற வேண்டும். மனைவி பெயரிலும் நிலம் இருக்கிறது, மாமியார் பெயரிலும் இருக்கிறது. பிள்ளையில்லாத இந்துப் பெண் எழுதி வைக்காமல் இறந்தால், பெற்றோர் வழியில் வாரிசாக வந்த நிலம் தந்தையின் வாரிசுகளுக்கும், கணவன் அல்லது மாமனார் வழியில் வாரிசாக வந்த நிலம் கணவனின் வாரிசுகளுக்கும் போகும். கடைசிவரை கூட இருந்து பார்த்தவருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். அவர் பெயருக்கு எழுத நினைத்தால் உயில் ஒன்றே வழி.

மேலே சொன்ன பங்கு விவரங்கள் இந்துக்களுக்கானவை. முஸ்லிம்கள் பொதுவாக மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்கு வரை, அதுவும் வாரிசு அல்லாதவருக்கு மட்டுமே, உயில் எழுத முடியும். கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும். அவரவர் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இறந்த பின் செய்ய வேண்டியவை

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்று வாங்குங்கள். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். உயில் இருந்தால் அதன் நகலோடும், இல்லையென்றால் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்தும் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். நிலம் பிரிகிறது என்றால் உட்பிரிவு கேட்டு விண்ணப்பித்துத் தனிப்பட்டா பெறுங்கள். பிறகு மின் இணைப்புப் பெயர் மாற்றம், கூட்டுறவுச் சங்கக் கணக்கு ஆகியவற்றை முடியுங்கள். இறந்தவர் கணக்கில் பி.எம். கிசான் தவணை தொடர்ந்து விழுந்தால் அதைச் செலவழிக்காமல் வேளாண்மைத் துறை அலுவலரிடம் தெரிவியுங்கள்.

ஊருக்குப் போகும் வேளாண்மை அலுவலர்களும் உழவர் குழுப் பொறுப்பாளர்களும் இதில் பெரிய உதவி செய்யலாம். மானிய விண்ணப்பம் வாங்கும்போது பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது முதலில் அவர்கள் கண்ணில்தான் படுகிறது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதோடு நிற்காமல், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி சொல்லி அனுப்பினால் அந்தக் குடும்பத்துக்கு வழி பிறக்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் வட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

உயில் எழுதுவது அபசகுனம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நாற்று விடும்போதே அறுவடை எந்த மாதம் என்று கணக்குப் போடுகிறவர்தான் விவசாயி. நிலத்தின் கணக்கையும் அப்படிப் போட்டு வைக்கலாம். அடுத்த முறை பிள்ளைகள் எல்லோரும் பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ வீட்டில் கூடும்போது, பத்திரப் பையை நடுவில் வைத்துப் பேசிவிடுங்கள். மகளையும் உட்கார வையுங்கள். நீங்கள் இருக்கும்போது வருகிற மனத்தாங்கலை நீங்களே பேசித் தீர்த்துவிடலாம். நீங்கள் இல்லாதபோது வந்தால் அதை நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டியிருக்கும். அதுவரை அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் இறைக்க மாட்டார்கள்.